குறைகிற தண்ணீர் எங்கே போகிறது?

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மகள் கல்லூரிக்குத் திரும்பிய நாள். நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸை ஒட்டிய ஓர் ஊரில். அவள் படிப்பது சின்சினாட்டியில். ஐ-71 நெடுஞ்சாலையில் நூறு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பினாள். இட்லி மாவு, பருப்புப் பொடி எல்லாம் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழே காலுக்கு போன் வந்தது.

"அம்மா, ஹீட்டர்ல சூடே வரல. ஐஸ் மாதிரி காத்து வருது. ஆனா டெம்பரேச்சர் முள்ளு மட்டும் மேல போயிட்டே இருக்கு. நான் ஜெஃபர்சன்வில் எக்ஸிட்ல இறங்கிட்டேன்."

"எதிர்ல கேஸ் ஸ்டேஷன் இருக்கா? உள்ள போய் நிறுத்து. இன்ஜினை ஆஃப் பண்ணு. பானட்டைத் திறக்காதே. எதையும் தொடாதே. கடைக்குள்ள போய் உக்காரு. அப்பா இப்பவே கிளம்பறாங்க."

"என்ன ஆச்சும்மா?"

"கூலன்ட் குறைஞ்சிருக்கும்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. "பத்திரமா இரு" என்று போனை வைத்தேன். வெளியே 12 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 11 செல்சியஸ். அவள் எக்ஸிட்டில் இறங்காமல் இன்னும் பத்து மைல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன்.

ஊற்றியது நான்தான்

எனக்கு முன்பே தெரியும். அக்டோபரில் கண்ணாடி கழுவும் திரவம் ஊற்ற பானட்டைத் திறந்தபோது, பக்கத்திலிருந்த கூலன்ட் டப்பா காலியாக இருந்ததைப் பார்த்தேன். சமையலறைக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் குறைந்தது, மறுபடியும் ஊற்றினேன். நவம்பரிலும் டிசம்பரிலும் இதே கதைதான். கணக்குப் போட்டால் மூன்று லிட்டராவது இருக்கும்.

டிரைவ்வேயில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதனால் பெரிய விஷயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "13 வருஷ வண்டி, தள்ளிவிட்டு வேற வாங்கலாம்" என்பார். அந்தச் சமயத்தில்தான் அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்டியிருந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் நாமக்கல்காரி. அப்பா முப்பது வருஷத்துக்குமேல் லாரி ஓட்டியவர். கேபினில் எப்போதும் ஒரு தண்ணீர் கேன் இருக்கும். டீக்கடையில் வண்டி நின்றால் முதலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், அப்புறம்தான் டிரைவருக்கு டீ. குறைந்தால் ஊற்ற வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன பாடம். அதைத்தான் ஒஹாயோவிலும் செய்தேன்.

அன்று ராத்திரி இன்சூரன்ஸோடு வரும் சாலை உதவியைக் கூப்பிட்டு, காரை இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர் தன் காரில் மகளைச் சின்சினாட்டியில் விட்டுவிட்டு நடுராத்திரிக்குமேல் திரும்பினார். மறுநாள் வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். பத்து நிமிஷம் பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். 2,200 டாலர் ஆகும். இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு பண்றது வேஸ்ட்" என்றார்.

"எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கூலன்ட் குறையுது, வெளியே கசிவு தெரியல. இத்தனை மைல் ஓடின வண்டில வழக்கமா அதுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எதையும் சோதித்தும் பார்க்கவில்லை.

அப்பாவின் கேள்வி

நாமக்கல்லுக்கும் எங்களுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். ராத்திரி எட்டரைக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை ஏழு மணி. அப்பா திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றிக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். அவரிடம் மட்டும் மறைக்கத் தோன்றவில்லை.

"ஊத்துனது இருக்கட்டும் கண்ணு. அது எங்க போகுதுன்னு பாத்தியா?"

"கீழ ஒண்ணும் ஒழுகலைப்பா."

"ஒழுகலைன்னா ஒழுகலைன்னு அர்த்தமில்ல. ஊத்துறது வைத்தியமில்ல, வழியில சமாளிக்கறது. நாங்க ஊத்துனதும் அடுத்த பட்டறை வர்ற வரைக்கும்தான். நீ மூணு மாசமா வழியிலயே நிக்கற."

பேச்சோடு பேச்சாக வலது முழங்கையை நீவினார். அங்கே கையகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கும். கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எனக்கு ஆறு வயதிருக்கும்போது, பாரம் ஏற்றிப் போனவர் பாதி மலையில் இன்ஜின் கொதித்து நின்றிருக்கிறார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, அவசரத்தில் மூடியைத் திருகிவிட்டார். கொதிநீர் பீறிட்டு அடித்தது. ஒரு மாதம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. மகளிடம் "எதையும் தொடாதே" என்று நான் சொன்னதும் அந்தத் தழும்பை நினைத்துத்தான்.

மூடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் தானாக வரும். இன்றைய கார்களின் ரேடியேட்டர் மூடி சுமார் 16 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் வீட்டு பிரஷர் குக்கரில் நடப்பதுதான். அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 130 டிகிரி செல்சியஸ் வரைகூட கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது அப்படியே கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். இன்ஜின் முழுதும் ஆறி, மேல் ஹோஸைக் கையால் பிடித்தால் சில்லென்று இருக்கும்போதுதான் மூடியைத் தொடலாம்.

தண்ணீர் செய்த வேலை

மறுநாள் காலை ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன். பத்து டாலருக்குள் கிடைக்கும் ஒரு சின்ன சோதனைக்குழாய் இருக்கிறது. அதில் உறிஞ்சினால், அந்தக் கலவை எவ்வளவு குளிர் வரை உறையாமல் தாங்கும் என்று காட்டும். எங்கள் வண்டியில் மைனஸ் 17. அந்த வாரத்து முன்னறிவிப்பு மைனஸ் 19.

பாதி கூலன்ட்டும் பாதித் தண்ணீருமான கலவை சுமார் மைனஸ் 37 வரை உறையாது. வெறும் கூலன்ட்டை ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். அதில் முக்கியமாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13-லேயே உறையும். தண்ணீரோடு சேர்ந்தால்தான் இரண்டும் தாங்கும். நான் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி அந்தக் கலவையை நீர்க்க வைத்திருக்கிறேன். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரையும் இன்ஜின் பிளாக்கையுமே வெடிக்கவைக்க அது போதும். நாமக்கல்லில் இந்தக் கவலை கிடையாது. அப்பாவின் பழக்கம் அவர் ஊருக்குச் சரி. நான் ஊர் மாறியும் பழக்கத்தை மாற்றவில்லை.

குழாய்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. அவை உள்ளே படியும். கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகள் கலந்திருக்கும், அவையும் நீர்த்துப்போகும். கட்டாயம் தண்ணீர் சேர்க்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றுங்கள்.

மூன்று வழிகள்

கூலன்ட் போவதற்கு மூன்றே வழிதான் என்றார் அப்பா. "வெளிய ஒழுகும், இன்ஜினுக்குள்ள எரியும், இல்லாட்டி காருக்குள்ள உன் காலடில ஒழுகும். ஒவ்வொண்ணாப் பாரு. இல்லைன்னு தெரிஞ்சதை ஒதுக்கு."

காலடியிலிருந்து தொடங்கினேன். ஹீட்டருக்குச் சூடு கொடுக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. அது கசிந்தால் பக்கத்து சீட்டின் கால்விரிப்பு ஈரமாகும். காருக்குள் தித்திப்பான வாசனை வரும். முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போல மூடுபனி படியும். எங்கள் வண்டியில் எதுவும் இல்லை. (வெயில் காலத்தில் காருக்கு அடியில் நிறமும் வாசனையும் இல்லாமல் சொட்டுவது ஏசி தண்ணீர். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.)

அடுத்து இன்ஜின். ஹெட் கேஸ்கெட் போனால் கூலன்ட் எண்ணெயோடு கலக்கலாம். எண்ணெய் மூடியின் அடியிலும் அளவுக் கம்பியிலும் பால் காபி நிறத்தில் நுரை தெரியும். இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரலாம். ஆனால் குளிர்காலத்தில் எல்லாக் காரும் கிளம்பும்போது வெள்ளைப் புகை விடும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் நிற்காமல், தித்திப்பு வாசனையோடு வந்தால்தான் கவலை.

இதையெல்லாம்விட உறுதியான சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்துகொண்டிருந்தால் நீலம் மஞ்சளாகும். ரெடிமேட் கலவை வாங்கி ஊற்றி நிரப்பி, இன்ஜினை ஓட்டி, முள்ளின் மேல் ஒரு கண்ணும் குழாயின் மேல் ஒரு கண்ணுமாகப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. 2,200 டாலர் கேஸ்கெட் பெரும்பாலும் இல்லை என்று ஆகிவிட்டது. மகள் சரியான நேரத்தில் நிறுத்தியதுதான் இன்ஜினைக் காப்பாற்றியது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ஹெட் வளைந்து, நல்லாயிருக்கும் கேஸ்கெட்டும் போய்விடும்.

மிச்சமிருந்தது வெளிக்கசிவு மட்டும்.

வியர்வைத் துளி

அமெரிக்காவில் கார் பாகங்கள் விற்கும் பெரிய கடைகள் பலவற்றில் சோதனைக் கருவிகளை இரவல் தருவார்கள். முன்பணம் கட்டி எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் வந்துவிடும். பிரஷர் டெஸ்டரை அப்படித்தான் எடுத்துவந்தேன். சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும், மேலே ஒரு முள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்திக் காற்றடிக்க வேண்டும். மூடியின் மேல் அச்சிட்ட அளவைத் தாண்டி அடிக்கக் கூடாது, தாண்டினால் நல்ல இடமும் கிழியும். 16 வரை அடித்தேன். முள் அசையாமல் நின்றால் கசிவில்லை. எங்கள் முள் கால் மணி நேரத்தில் 13-க்கு இறங்கியது.

ஆனால் சொட்டு எங்கும் இல்லை. அடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடந்தது. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, பம்ப் பழுதானால் அதன் வழியே கசிந்து காட்டிக்கொடுக்கும். அதுவும் காய்ந்திருந்தது. ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தை விரலால் தடவினேன். ஒன்றுமில்லை.

அப்பாவைக் கூப்பிட்டு, போனை இன்ஜினுக்கு மேல் பிடித்தேன். வீட்டுக்காரர் டார்ச் அடித்தார்.

"மேல மூடியிருக்கே அந்தக் கறுப்பு அட்டை, அதைக் கழட்டு கண்ணு. மூடின எடத்துலதான் வியாதி இருக்கும்."

ரேடியேட்டருக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினேன். மேல் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்குக் கீழே, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு. காய்ந்த உப்புப் போலப் பூத்திருந்தது.

"அங்க நிறுத்து. கிட்டக் காட்டு. சுண்ணாம்பாட்டம் பூத்திருக்குல்ல? தொடைச்சுட்டு மறுபடி காத்தடி."

துடைத்துவிட்டு 16 வரை அடித்தேன். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷம் கழித்து, மயிரிழை போன்ற விரிசலிலிருந்து வியர்வை மாதிரி ஒரே ஒரு துளி எட்டிப் பார்த்தது.

"அம்புட்டுத்தான்" என்றார் அப்பா.

ஏன் டிரைவ்வே நனையவில்லை என்பது அப்போது புரிந்தது. இன்ஜின் சூடாகி அழுத்தம் ஏறினால்தான் அந்த விரிசல் வாய் திறக்கும். வெளியே வருவது சூடான ரேடியேட்டரில் பட்டு, ஓடும்போது அடிக்கும் காற்றில் உடனே ஆவியாகிவிடும். மிஞ்சுவது அந்தப் பொருக்கு மட்டும். ஊருக்குள் பால் வாங்கப் போனால் கொஞ்சம் போகும். நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் நிறையப் போகும். கூலன்ட் குறையும்போது ஹீட்டருக்குப் போகும் வழியில் முதலில் காற்று சேர்ந்துகொள்ளும். முள் ஏறுவதும் ஹீட்டர் குளிர்வதும் ஒன்றாக நடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மகள் போனில் சொன்ன முதல் இரண்டு வாக்கியத்திலேயே விடை இருந்தது.

மாற்றியது

நாமக்கல் பட்டறைகளில் ரேடியேட்டருக்கு ஈயப்பற்று வைப்பார்கள். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு அது சரி. இப்போதைய ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. விரிசல் விட்டால் மாற்றுவதுதான் முறை. கசிவை அடைக்கும் திரவங்களும் கடையில் உண்டு. அவை ஓட்டையோடு ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும் என்பதால் நான் வாங்கவில்லை.

புது ரேடியேட்டர் 145 டாலர். ஹோஸ் இரண்டும் புது மூடியும் 52. கூலன்ட் 50. மொத்தம் 247. பக்கத்துப் பட்டறையில் கேட்டபோது எல்லாம் சேர்த்து 650 என்றார்கள். அது நியாயமான விலைதான், முழுநாள் வேலை என்பதைச் செய்து பார்த்தபிறகு ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை தொடங்கினோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். சில வண்டிகளில் இன்ஜின் நின்றிருந்தாலும் ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுற்றும், கை உள்ளே இருந்தால் விரல் போய்விடும். பிறகு அடியில் அகலமான தட்டு வைத்துப் பழைய கூலன்ட்டை வடித்தோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும். நாய், பூனைகள் நக்கிவிடும், தவழும் குழந்தை கை வைத்துவிடும். 2012 கடைசியில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் இதில் கசப்பு சேர்க்கத் தாங்களாகவே முன்வந்தார்கள். அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு நாய் தினமும் எங்கள் டிரைவ்வே வழியாகத்தான் போகும். அதனால் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டே வடித்தோம். சிந்தியதை உடனே துடைத்து அந்தத் துணியையும் கட்டிவைத்தோம். பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாதீர்கள். மூடியிட்ட கேனில் ஊற்றி, உங்கள் பகுதியில் நச்சுக்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடத் தாமதிக்க வேண்டாம். அமெரிக்காவில் விஷ உதவி எண் 1-800-222-1222, எந்த நேரமும் பேசுவார்கள். மயங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ 911.

13 வருஷம் ஒட்டிக்கிடந்த ஹோஸ் கழன்று வரவே முக்கால் மணி நேரம். இடுக்கியால் பிடித்து மெல்லத் திருகித் திருகித்தான் வந்தது. எங்கள் வண்டி ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் ரேடியேட்டரின் அடியில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் இரண்டு சின்னக் குழாய்கள் இருந்தன. அவற்றைக் கழற்றியதும் வாயை அடைத்தோம், கடைசியில் கியர் எண்ணெய் அளவையும் சரிபார்த்தோம். விசிறியைக் கழற்றிப் புது ரேடியேட்டரில் மாட்டி, எல்லாவற்றையும் வந்த வழியே திரும்பப் பூட்டினோம்.

கூலன்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காரோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டேன். குளிர்க்காற்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனையும் செய்தும் தப்பாகிவிட்டதா என்று நினைத்தேன். அங்கே ராத்திரி பன்னிரண்டு மணி, ஆனாலும் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். தூங்காமல் காத்திருந்திருக்கிறார்.

"காத்து நிக்குது கண்ணு. வண்டி மூக்கைத் தூக்கி நிறுத்து. ஹீட்டரை முழுச் சூட்டுல வை. ஆறுனப்புறம் மூடியத் திறந்து மெதுவா ஊத்து. அவசரப்படாத."

இன்ஜின் ஆறியதும் காரை டிரைவ்வே சரிவில் மூக்கு மேலாக நிறுத்தினோம். ரேடியேட்டர் வாயில் புனல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மறுபடியும் ஓடவிட்டோம். இன்ஜின் 80, 90 டிகிரிக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் திறந்தது. புனலில் குமிழி குமிழியாக வந்து மட்டம் சட்டென்று இறங்கியது. ஊற்ற ஊற்ற வாங்கிக்கொண்டது. ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நின்றது. ஹீட்டரில் கை வைத்தேன். சுட்டது.

மறுநாள் காலை, ஆறிய வண்டியில் டப்பாவின் மட்டம் அரை டம்ளர் குறைந்திருந்தது. அது கடைசியாக நின்ற காற்று. நிரப்பினேன். மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி பிரஷர் டெஸ்டர் வைத்தேன். 16-ல் வைத்த முள் அரை மணி நேரம் கழித்தும் 16-லேயே நின்றது.

எல்லாரும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கராஜ் இல்லாதவர்கள், கைக்குழந்தை வீட்டில் இருப்பவர்கள், இந்த வேலைக்குக் கை வராதவர்கள் நல்ல பட்டறையில் கொடுப்பதே சரி. ஆனால் கொடுக்கும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா? கசிவு எங்கே, எனக்குக் காட்டுவீர்களா? கேஸ்கெட் என்று சொன்னால், வாயுச் சோதனையில் நிறம் மாறியதா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், கூட்டிப்போய்க் காட்டுவார்.

வண்டி ஓட்டும் பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவையுங்கள். முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, பத்திரமான முதல் இடத்தில் ஒதுங்கி, இன்ஜினை அணைக்க வேண்டும். மூடியைத் தொடக் கூடாது. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டக் கூடாது.

பிப்ரவரியில் மகள் ஒரு வார இறுதிக்கு வந்தாள். கராஜில் பானட்டைத் திறந்து பழைய ரேடியேட்டரின் விரிசலைக் காட்டினேன். அன்று சொல்லாத பதிலையும் அப்போதுதான் சொன்னேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும். அக்டோபர்லேர்ந்து தண்ணி ஊத்திட்டு இருந்தேன். உன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

அவள் விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். "அன்னிக்கு ஹீட்டர் போனதும் நான் பயந்ததைவிட, நீங்க சட்டுனு கூலன்ட்னு சொன்னப்பதான் ரொம்ப பயந்தேன்" என்றாள். "இனிமே எதாவது குறைஞ்சா சொல்லிடுங்கம்மா. நீங்க மட்டும் ஊத்திக்கிட்டே இருக்காதீங்க."

டப்பாவின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. இப்போது மாதம் முதல் தேதி, காரைக் கிளப்புவதற்கு முன் அதைப் படம் எடுத்து அனுப்புகிறாள். நான் அதை நாமக்கல்லுக்கு அனுப்புகிறேன். அப்பா பார்த்துவிட்டு "சரி" என்று ஒரு வார்த்தை எழுதுவார்.

நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும் முன், வண்டி ஆறியிருக்கும்போது, நீங்களும் அந்தக் கோட்டை ஒருமுறை பாருங்கள். குறைந்திருந்தால் சரியான கூலன்ட்டை நிரப்பி, தேதியைக் குறித்துவையுங்கள். மறுபடியும் குறைந்தால், பாட்டிலைத் தேடாதீர்கள். அது எங்கே போகிறது என்று தேடுங்கள்.